மறு: மணிச்சத்து 'நிலைநிறுத்தம்' – வேறு சொல் உண்டா?

அண்ணாச்சி, வணக்கம்.

> நிலைநிறுத்தம் என்றே விட்டுவிடலாமே. இல்லாவிட்டால் உறிஞ்சல்?

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், உரமாகப் போட்ட பின் மண்ணில் மாட்டிக்கொள்வதற்கு என்ன பெயர் என்பதுதானே பேச்சு? இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி. உளுந்தின் வேர்முண்டில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குத் தருவது நைட்ரஜன் நிலைநிறுத்தம். அது பயிருக்கு வரவு. மணிச்சத்து மண்ணில் மாட்டிக்கொள்வதோ செலவு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் (fixation) என்பதற்காக அந்தக் குழப்பத்தையும் நாம் கடன் வாங்க வேண்டுமா? போன ஐப்பசியில் கோவில்பட்டிப் பக்கம் சித்தப்பாவுக்கு மணிச்சத்து நிலைநிறுத்தம் பற்றிய ஒரு துண்டறிக்கையை வாசித்துக் காட்டினேன். "நெலச்சு நின்னா நல்லதுதானடே! அப்ப அடுத்த வருசம் டிஏபி வேண்டாம்லா?" என்றார், மணிச்சத்து உரத்தைச் சொல்லி. அவர் மேல் தப்பில்லை.

உறிஞ்சல் என்றால் உள்ளே போக வேண்டும். இங்கே பாஸ்பேட், அதாவது மண்ணில் மணிச்சத்து இருக்கும் வடிவம், முதலில் மேலேதான் ஒட்டுகிறது. களித்துகள் நுண்ணியது, அதனால் பரப்பு அதிகம். அதன்மேல் பூசினாற்போல் இருக்கும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும். சுண்ணாம்புத் துகளின் பரப்பும் பற்றும். உரக்குருணையை ஒட்டிச் செறிவு கூடிய இடத்தில் கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகும், அதாவது கரைசலிலிருந்து திடப்பொருளாகப் படியும். நாள்பட இறுகி, கரைவது குறைந்துகொண்டே போகும். சித்தப்பா வயலில் வரப்போரம் சுக்கான் கல் என்னும் சுண்ணாம்புக் கட்டி கிடக்கும், எலுமிச்சை பிழிந்தால் நுரைக்கும். ஆனால் அந்தக் கட்டியைவிட, கரிசலோடு மாவாகக் கலந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் சுண்ணாம்புதான் பொல்லாதது.

என் சொல்: பிடித்தம். சம்பளப் பிடித்தம் தெரியாதவர் யார்? நம் பேரில் இருக்கும், கைக்கு வராது. பி.எஃப். போல அடுத்த பயிருக்குக் கொஞ்சம் திரும்பியும் வரும். உள்ளே இரண்டாகப் பிரித்தால் பரப்புப் பிடித்தம், படிவுப் பிடித்தம்.

—

தம்பி,

'எனக்குப் பிடித்தமான' என்பதோடு மோதுமே என்று பார்த்தேன். 'மணிச்சத்துப் பிடித்தம்' என்று சேர்த்துச் சொன்னால் மோதாது. 'பிடிப்பு' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். நீர்ப்பிடிப்பு நல்ல குணம், அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

நல்லவேளை, படிவுப் பிடித்தத்துக்குச் சுண்ணப் பிடித்தம் என்று பெயர் போடவில்லை. செம்மண் புளித்து அமிலமாகக் கிடந்தால் சுண்ணாம்பே இல்லாமல் இரும்பும் அலுமினியமும் அதே வேலையைச் செய்யும். படிவு என்ற சொல் இரண்டு மண்ணுக்கும் பொது.

இன்னொரு சொல்லும் வேண்டும். மண் ஆய்வாளர் ஆல்சன் 1954இல் தந்த பரிசோதனை முறையில், பிஎச் 8.5 உள்ள சோடியம் பைகார்பனேட் கரைசல் கால்சியத்தை ஒதுக்கி, பிடிபட்டதில் இளகிய பகுதியை மட்டும் வெளியே எடுக்கிறது. கரிசலுக்கு மண்வள அட்டையில் மணிச்சத்து என்று வருகிற எண் அதுதான். அதற்கு 'விடுப்பு' என்று வைக்கலாமா? லீவு என்று சிரிப்பார்களோ?