குட்டை பேரல் துப்பாக்கில சத்தமும் வெளிச்சமும் ஏன் இம்புட்டு? தோட்டா மாத்துனா குறையுமா?

மண்டபம்_தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே. படையில 4 வருஷமா இருக்கேன், இப்ப லீவுல ஊருக்கு வந்திருக்கேன். இன்சாஸ் ரைஃபிள்ல சுட்டுப் பழகுனவன், போன வருஷத்துலேர்ந்து குட்டை பேரல் எக்ஸ்-95 துப்பாக்கி கையில. ரெண்டுக்கும் அதே 5.56 மில்லிமீட்டர் தோட்டாதான், ஆனா இதுல ராத்திரி ஃபயரிங் பண்றப்ப பேரல் வாய்ப்பக்கம் பளீர்னு நெருப்பு பூத்து அடுத்த ரெண்டு மூணு செகண்டு டார்கெட்டே தெரிய மாட்டேங்குது, சத்தம் மண்டைக்குள்ள இறங்குது. நேத்து ராத்திரி திண்ணையில படுத்துக் கிடந்தேன், அலைச் சத்தத்துக்கு மேல காதுக்குள்ள ஙொய்ய்னு ஒரு சத்தம் விடாம கேக்குது. வேற தோட்டா போட்டா குறையுமாண்ணே?

சாயல்குடி_ஹவில்தார்:
தம்பி, தோட்டாவ அப்புறம் பாப்போம், மொதல்ல பேரல் நீளத்தப் பாரு. இன்சாஸ் 464 மில்லிமீட்டர், உன் எக்ஸ்-95 330தான். அதே வெடிமருந்து அதே அழுத்தத்தோட கிளம்புது, குண்டு குழல விட்டு சீக்கிரமா வெளிய போயிருது, பின்னாடி வர்ற வாயு இன்னும் அழுத்தம் இறங்காம சூடா இருக்கு, அதுதான் வாயில வெடிக்கிற சத்தம். மருந்து எரியாம வெளிய வந்து எரியுதுன்னு எல்லாரும் சொல்றது பாதி உண்மைதான். பெரிய வெளிச்சம் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வெளிக்காத்துல கலந்து திரும்பப் பத்திக்கிறதால வருது. அதுக்காகத்தான் சில மருந்துல பொட்டாசியம் உப்பு கலக்குறாங்க, வெளிச்சம் நல்லா அடங்கும், ஆனா புகை கொஞ்சம் கூடும். தோட்டாவால உனக்குக் கிடைக்கிற லாபம் பெரும்பாலும் அம்புட்டுத்தான். குட்டை பேரல்ல குண்டோட வேகமும் குறையும், ஒரு இஞ்சு பேரல் குறைஞ்சா சுமாரா செகண்டுக்கு 8லேர்ந்து 15 மீட்டர் வரைக்கும் போயிரும்.

பாம்பன்_டீசல்:
நான் படகு எஞ்சின் வேலை பாக்குறவன், துப்பாக்கி தொட்டதில்ல. வல்லத்து எஞ்சின்ல சைலன்ஸர் ஒடஞ்சு போனா கரை முழுக்க அதிரும்ல, ராத்திரி பாத்தா பைப் வாயில நெருப்பே தெரியும், சுடச்சுட வாயு அடங்குறதுக்கு முன்னாடியே வெளிய வருதுல்ல. இதுவும் அதே கதைதானா? அப்ப வாயில எதையாச்சும் மாட்டிட்டா சரியாப் போகுமே?

சாயல்குடி_ஹவில்தார்:
அச்சு அசல் அதே கதைதான் பங்காளி. ஆனா எதை மாட்டுறோம்கிறதுல இருக்கு விஷயம். ஃபிளாஷ் ஹைடர்னா வாயுவ சிதறடிச்சு பத்திக்கிற அளவுக்குச் சேர விடாது, வெளிச்சம் குறையும், சத்தம் குறையாது. மஸில் பிரேக்னா வாயுவ பக்கவாட்டுல தள்ளும். 5.56ல குண்டு 4 கிராம், மருந்து 1.7 கிராம் கிட்ட இருக்கு, சுடுறப்ப துப்பாக்கி பின்னாடி தள்ளுற உதையில மூணுல ஒரு பங்குக்கு மேல அந்த வாயுவாலதான் வருது, அதத் திருப்பி விட்டா தோள்ல உதை நல்லாக் குறையும். ஆனா பக்கத்துல படுத்திருக்கிறவன் காது போச்சு, சுடுறவனுக்கும் சத்தம் கூடும். மணல் தரையில படுத்துச் சுட்டா கண்ணுல வேற தூசி அப்பும், நான் பட்டிருக்கேன்.

அப்புறம் உன் எக்ஸ்-95 புல்பப், அதாவது தோட்டாப் பெட்டி விசைக்குப் பின்னாடி இருக்கிற அமைப்பு, அதனால பேரல் வாய் உன் காதுக்கு இன்னும் கிட்ட வந்துருது, அதான் உனக்கு இன்சாஸ விட மோசமாத் தெரியுது.

கீழக்கரை_நர்ஸ்:
தம்பி, காதுல ஙொய்னு கேக்குதுன்னு சொன்னீங்கள்ல, அதத்தான் மொதல்ல கவனிக்கணும். திடீர்ச் சத்தத்துக்கு 140 டெசிபல்தான் எல்லைன்னு சொல்றாங்க, ரைஃபிள் 160 கிட்ட வரும், 20 டெசிபல் கூடுனா சத்தத்தோட சக்தி நூறு மடங்கு. உள்காதுல இருக்கிற மயிர்செல் செத்தா மறுபடி முளைக்காது. லீவு முடியிறதுக்குள்ள காது டாக்டரப் பாத்து ஆடியோமெட்ரி, அதாவது காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்குற சோதனை, எடுத்துருங்க. ஃபயரிங்ல காதுக்குள்ள வைக்கிற பிளக்கும் காதுக்கு மேல மூடுற மஃப்பும் ரெண்டும் சேத்துப் போடுங்க, பிளக்க முறுக்கி, காது மடல மேல இழுத்துப் பிடிச்சு உள்ள விட்டு, விரிஞ்சு அடைக்கிற வரைக்கும் விரலால அழுத்திப் பிடிங்க. பாதிப் பேரு வெளியவே ஒட்டி வச்சிருப்பாங்க.

மண்டபம்_தம்பி:
அக்கா நானும் அப்படித்தான் வெளிய ஒட்டி வச்சிருக்கேன், இப்பத்தான் வெளங்குது. திங்கக்கிழமை ராமநாதபுரம் போய்க் காது காமிக்கிறேன். ஹவில்தார் அண்ணே, எங்க துப்பாக்கி வாயில மூணு நாலு நீளக் கீறல் இருக்கு, அது ஹைடர்தானா?

சாயல்குடி_ஹவில்தார்:
ஆமா தம்பி, அது ஹைடர்தான். கார்பன் அடைச்சிருந்தாத் தொடச்சு வை, ஆனா அதக் கழட்டவோ மாத்தவோ நீயா கைய வைக்காத, துப்பாக்கி பழுது பாக்குற ஆர்மரர்கிட்டச் சொல்லு. காது ரிசல்ட் வந்ததும் இங்க போடு.