வீட்டுச் சார்ஜர் 32 ஆம்பியரில் தொடங்கி 16-க்கு இறங்கிவிடுகிறது: உதவி தேவை

நண்பர்களே, எங்கள் மின்சாரக் காரை வீட்டில் முழு வேகத்தில் சார்ஜ் செய்ய முடியவில்லை. சுவரில் பொருத்திய 7.4 கிலோவாட் சார்ஜர், சிங்கிள் ஃபேஸ், 230 வோல்ட். காரும் அந்த வேகத்தை ஏற்கக்கூடியதுதான். சொருகியதும் 32 ஆம்பியர் சரியாக ஏறுகிறது. அரை மணி நேரம் போனால் 16-க்கு இறங்குகிறது, அப்புறம் ஏறுவதே இல்லை. போன மாதம் வரை இந்தத் தொல்லை கிடையாது. பேட்டரி 30 சதவீதத்தில் இருந்தாலும் இதே கதைதான்.

காரில் ஆம்பியர் வரம்பைப் பார்த்தாகிவிட்டது. சார்ஜரின் லோடு பேலன்சிங்கை (வீட்டின் மற்ற மின் பயன்பாட்டைப் பார்த்து ஆம்பியரைக் குறைக்கும் வசதி) அணைத்தும் பார்த்தேன். வேறொரு வீட்டில் இதே வகைச் சார்ஜரில் கடைசிவரை 32-லேயே ஓடியது. ஆக, காரில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை.

என்னை உறுத்துவது வோல்டேஜ்தான். சும்மா இருக்கும்போது 231. 32 ஆம்பியர் ஓடும்போது சார்ஜர் காட்டுவது 209. வீட்டு மின் போர்டிலிருந்து சார்ஜர் வரை 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 25 மீட்டர். கணக்குப்படி அதில் சுமார் 5 வோல்ட்தான் இறங்க வேண்டும். மீதி 17 வேறெங்கோ போகிறது. போர்டில் சார்ஜருக்கான எம்சிபியில் (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) கைவைத்தால் நன்றாகச் சுடுகிறது, பக்கத்தில் உள்ளவை சுடவில்லை. எலக்ட்ரீஷியன் திருகுகளை இறுக்கிவிட்டுப் போனார், மாற்றமில்லை. தீப்பிடிக்குமோ என்ற பயத்தில் இப்போதைக்கு 16-லேயே வைத்திருக்கிறேன்.

இந்த வோல்டேஜ் இறக்கம் எங்கள் போர்டிலா, வெளியிலிருந்து வரும் லைனிலா என்று பிரித்தறிய, 32 ஆம்பியர் ஓடும்போது எந்தெந்த இடத்தில் வோல்டேஜ் அளக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டும்?