2008 கம்ரி: வலது பின் ரோட்டர் கறள் (துரு) பிடித்துக் கழல மறுக்கிறது, உதவி தேவை

சில்லுக்காரன் (ஸ்காபரோ):
வணக்கம். வாகனம் 2008 ரொயோட்டா கம்ரி, நான்கு சிலிண்டர், தானியங்கிக் கியர். வாங்கிய நாளில் இருந்து ரொறன்ரோவில்தான் ஓடுகிறது, இரவில் வெளியில்தான் நிற்கிறது. குளிர்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பு முழுவதும் அதன் அடிப்பாகத்தில்தான் வந்து குடியேறும் போலிருக்கிறது.

பின் பிரேக் அரைக்கும் சத்தம் கேட்டதால் பேடையும், அது கவ்விப் பிடிக்கிற இரும்பு வட்டான ரோட்டரையும் (டிஸ்க்) நானே மாற்ற இறங்கினேன். இடது பக்கம் ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டியதும் கையோடு வந்துவிட்டது. வலது பக்கம் அசைந்து கொடுக்கவே இல்லை.

பேடை அழுத்தும் காலிப்பரைக் கழற்றிச் சுருள்வில்லில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், எண்ணெய்க் குழாயில் பாரம் விழவில்லை. பிராக்கெட்டும் கழன்றுவிட்டது. நடு வட்டத்தைச் சுற்றி டபிள்யூடி-40 அடித்து ஓர் இரவு ஊறவிட்டேன். மூன்று இறாத்தல் சுத்தியலால் சுற்றிச் சுற்றி அடித்தேன். கறள் செதில் செதிலாகக் கொட்டுகிறது, ரோட்டர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தெரிந்த ஒரு கராஜில் கேட்டால், பார்க்காமலே, ஹப்போடு (ரோட்டரும் சில்லும் பூட்டப்படும் சுழலும் நடுப்பகுதி) சேர்த்து மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பழைய ரோட்டர் உடைந்தாலும் கவலையில்லை, புதியது பெட்டியில் இருக்கிறது. ஹப் பேரிங்கும், சில்லின் வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சாரும் தப்பினால் போதும். இன்னும் பெரிய சுத்தியல் எடுப்பதா, நெருப்பு வைப்பதா?

பனிமனிதன் (மொன்றியல்):
பெரிய சுத்தியல். கியூபெக்கில் எல்லா நோய்க்கும் இதுதான் மருந்து.

நட்டும் போல்ட்டும் (மிசிசாகா):
சுத்தியலை ஒரு பக்கம் வையுங்கள். ரோட்டரின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். சில்லைப் பூட்டுகிற ஸ்டட்டுகளுக்கு (நீட்டி நிற்கும் மரைக் கம்பிகள்) இடையில், எதிரெதிராக இரண்டு சிறிய துளைகள் தெரியும். உள்ளே மரை இருக்கும். அவற்றில் எதையும் பூட்டுவதில்லை, ரோட்டரைக் கழற்றுவதற்கென்றே வெட்டிய துளைகள் அவை. 8 மி.மீ. போல்ட், மரை இடைவெளி 1.25, நீளம் இரண்டு அங்குலம் அளவில், தலை வரை மரை உள்ளதாக இரண்டு வாங்குங்கள். துளைக்குள் இருக்கும் கறளைக் குத்தி எடுத்து, மரையில் எண்ணெய் விட்டு இரண்டையும் கையால் முடுக்குங்கள். நுனி ஹப்பில் முட்டிய பிறகு ஒன்றை அரைச் சுற்று, மற்றதை அரைச் சுற்று என்று மாறி மாறி முடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முடுக்கினால் ரோட்டர் கோணலாகி மேலும் இறுகும்.

நன்றாக இறுகியதும் அதற்கு மேல் பலம் கொடுக்காதீர்கள். வார்ப்பிரும்பு மரை உதிர்ந்துவிடும். போல்ட்டை அந்த அழுத்தத்திலேயே விட்டு, ஸ்டட்டுகளுக்கு இடைப்பட்ட தட்டைப் பகுதியில் சுத்தியலால் தட்டுங்கள். அதிர்வில் கறள் விடும், போல்ட் கொஞ்சம் தளரும், மறுபடி முடுக்குங்கள். ஸ்டட்டில் அடி விழக்கூடாது. இரண்டு ஸ்டட்டில் சில்லு நட்டை நுனியில் போட்டு வையுங்கள். மரையும் பிழைக்கும், ரோட்டர் திடீரென்று விட்டால் உங்கள் கால் விரலும் பிழைக்கும்.

டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த எண்ணெய். ஊடுருவுவதற்கென்றே விற்கிற எண்ணெய்கள் இருக்கின்றன, அதில் ஒன்றை வாங்குங்கள். இரும்பு கறளாகும்போது பல மடங்கு பருக்கும். ரோட்டரின் நடுத்துளைக்கும் ஹப்பின் கழுத்துக்கும் இடையே இருப்பது மயிரிழை இடைவெளி. அது இப்போது அடைபட்டுக் கிடக்கிறது, எண்ணெய்க்கு நேரம் கொடுக்க வேண்டும்.

டீசல்ராஜா (சேலம்):
கேஸ் டார்ச்சால் ரோட்டரின் நடுவில் புடைத்திருக்கும் தொப்பிப் பகுதியைச் சூடாக்கினால் விரிந்து கொடுக்கும். எங்கள் பக்கம் லாரி டிரம்முக்கு அதுதான் செய்வோம்.

நிலா (லண்டன்):
நெருப்பு என்றவுடன் ஓடி வந்தேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள், பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். ஏற்கெனவே பிரேக் கிளீனர் அடித்திருந்தால் அந்த இடத்தில் டார்ச் பிடிக்கவே கூடாது. சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அது சூடானால் பாஸ்ஜீன் வாயு உண்டாகும், முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. குளோரின் இல்லாத வகை தீப்பிடிக்கும். ஊறவிட்ட எண்ணெயும் எரியும். லாரி டிரம்மில் இல்லாத இன்னொன்றும் இங்கே உண்டு: ரோட்டருக்கு நேர் பின்னால் பேரிங்கின் கிரீஸும் ரப்பர் சீலும் சென்சார் வயரும் இருக்கின்றன. சகோதரர் காப்பாற்ற விரும்புவதே அவற்றைத்தான்.

டீசல்ராஜா (சேலம்):
பிரேக் கிளீனர் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி அக்கா.

முத்துநகர் (தூத்துக்குடி):
தம்பி, இங்கே பனி இல்லை, உப்பு உண்டு. உப்பளத்துப் பக்கம் ஓடும் வண்டிகள் எங்கள் பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கும். யாரும் உங்களிடம் கேட்காத ஒரு கேள்வி: இப்போது அந்த டிஸ்க்கைக் கையால் சுற்றினால் சுற்றுகிறதா? எப்படிச் சுற்றுகிறது?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஹப்பில் துரு பிடித்து ஒட்டியிருந்தால் டிஸ்க் ஹப்போடு சேர்ந்து தாராளமாகச் சுற்றும், ஆனால் வெளியே ஒரு நூல்கூட வராது. பார்க்கிங் பிரேக் பிடித்திருந்தால் சுற்றும்போதே உரசும், வெளியே கொஞ்சம் வந்து நின்றுவிடும். இந்த மாடலில் பார்க்கிங் பிரேக் காலிப்பரில் இல்லை. டிஸ்க்கின் நடுத் தொப்பிக்குள் ஒரு சின்ன டிரம், அதற்குள் விரிந்து பிடிக்கும் இரண்டு ஷூ. ஒவ்வொரு நோய்க்கும் வைத்தியம் வேறு. எது என்று தெரியாமல் அடித்தால் பேரிங்குக்குத்தான் கேடு.

சில்லுக்காரன் (ஸ்காபரோ):
8 மி.மீ. போல்ட் வாங்கி வந்து முடுக்கினேன். டப்பென்று ஒரு சத்தம், ரோட்டர் ஹப்பை விட்டுவிட்டது! ஆனால் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் வெளியே வந்து நின்றுவிட்டது, அதற்கு மேல் வரவில்லை. மேல் விளிம்பைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. முத்துநகர் அண்ணா சொன்னபடி சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கரகரவென்று உரசுகிறது. பார்க்கிங் பிரேக் பெடல் விடுவித்தபடிதான் இருக்கிறது. உண்மையில் அதை நாங்கள் மிதிப்பதே இல்லை, கியரைப் பி-யில் (பார்க்) போட்டுவிட்டு இறங்கிவிடுவோம்.

முத்துநகர் (தூத்துக்குடி):
அப்படியானால் ஹப் வேலை முடிந்தது. இனி அந்த போல்ட்டுகளை முடுக்க வேண்டாம், மீதி ஷூவின் வேலை. தானியங்கிக் கியர் வண்டியில் பார்க்கிங் பிரேக்கை யாரும் தொடுவதில்லை, அதனால் ஷூ உரசி உரசித் துருவைச் சுத்தம் செய்ய வழியே இல்லாமல் போகிறது. டிரம்மின் உள் விளிம்பில் துரு வரம்பு கட்டி நிற்கும். ஷூ அந்த வரம்பில் மாட்டிக்கொள்ளும்.

முதலில் வண்டியின் நிலை. பார்க்கிங் பிரேக் விட்டிருக்கிறது, பின்பக்கம் தூக்கியிருக்கிறது, ஆகவே வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது முன் சக்கரம் மட்டும்தான். முன் டயர்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள், கியர் பி-யில் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

டிஸ்க்கின் தொப்பியில் ஒரு ரப்பர் அடைப்பு இருக்கும், துரு மூடியிருந்தால் சுரண்டினால் தெரியும். அதை நெம்பி எடுங்கள். துளை வழியாக டார்ச் லைட் அடித்துக்கொண்டு டிஸ்க்கை மெல்லச் சுற்றினால் ஓர் இடத்தில் பல்லுப் பல்லாக ஒரு சிறு சக்கரம் தெரியும். ஷூக்களை விரிப்பதும் சுருக்குவதும் அதுதான். தட்டை ஸ்குரூ டிரைவரின் நுனியால் ஒவ்வொரு பல்லாகத் தள்ளுங்கள். எந்தத் திசை என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், பக்கத்துக்குப் பக்கம் மாறும். நாலைந்து பல் தள்ளிவிட்டு டிஸ்க்கைச் சுற்றுங்கள். உரசல் கூடினால் எதிர்த்திசையில் தள்ளுங்கள்.

பல்சக்கரமும் துருவேறி அசையவில்லை என்றால் துளை வழியாக எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். அப்போதும் அசையாவிட்டால் கடைசி வழி: டிஸ்க்கை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டி ஆட்டி வலிந்து இழுப்பது. ஷூவைப் பிடித்திருக்கும் ஊசியும் சிறு ஸ்பிரிங்கும் அறுந்து வரும். அவை தனி உதிரிப்பாகப் பையாக மலிவாகக் கிடைக்கும், ஹப்பை மாற்றுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

பனிமனிதன் (மொன்றியல்):
அண்ணாச்சி சொன்ன பிறகு என் மருந்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் சுத்தியல் பக்கத்தில் இருக்கட்டும்.

சில்லுக்காரன் (ஸ்காபரோ):
வந்துவிட்டது! பல்சக்கரம் முதலில் அசையவில்லை, எண்ணெய் விட்ட பிறகு ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது. உரசல் குறைந்ததும் இழுத்தேன், பாதி வந்து மீண்டும் சிக்கியது, கொஞ்சம் சுற்றிச் சுற்றி இழுத்ததும் கழன்றது.

கழன்றதும் உள்ளே இருந்து ஏதோ விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஷூவின் லைனிங். முழு நீளத்துக்கு வளைந்த பட்டையாக, உடையாமல், ஷூவின் இரும்புத் தகட்டை விட்டு அப்படியே உரிந்து வந்திருக்கிறது. ஒட்டியிருந்த பக்கம் முழுவதும் செம்பழுப்புக் கறள். லைனிங் தேயவே இல்லை, புதியது போலத்தான் இருக்கிறது. கரகரத்தது இதுதான். இத்தனை நாளும் டிரம்முக்கும் தகட்டுக்கும் நடுவில் ஆப்பாகச் செருகிக்கொண்டு இருந்திருக்கிறது. மற்ற ஷூவின் லைனிங் ஒட்டித்தான் இருக்கிறது, ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்கு விரிசல்.

ஊசி, ஸ்பிரிங் எல்லாம் முழுதாக இருக்கின்றன. ஹப்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமில்லை, சுற்றினால் சத்தமும் இல்லை. இப்போது இரண்டு கேள்விகள். இடது பக்க ஷூவில் விரிசல் தெரியவில்லை, விட்டுவிடலாமா? புதிய ரோட்டர் அடுத்த முறை இப்படி ஒட்டாமல் இருக்க எதையாவது பூச வேண்டுமா?

நட்டும் போல்ட்டும் (மிசிசாகா):
விடாதீர்கள். ஷூ விற்பதே இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான், இடது பக்கமும் அதே உப்பைத்தான் குடித்திருக்கிறது.

பூசுவதற்கு முன் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் இரும்பு தெரியும் வரை தேயுங்கள். சோம்பலில் அங்கே ஒரு கறள் செதிலை விட்டுவிட்டுப் புதிய ரோட்டரைப் பூட்டினால் ரோட்டர் மயிரிழை சாய்ந்து நிற்கும். சில மாதங்களில் பிரேக் துடிக்கத் தொடங்கும், ரோட்டர் மட்டம் என்று கடைக்காரனைத் திட்டுவீர்கள். பிறகு ஹப்பின் கழுத்து வளையத்தில் மட்டும் இரும்பு ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்ட்டி-சீஸ் பசையை விரலால் மெல்லியதாகத் தடவுங்கள்.

பனிமனிதன் (மொன்றியல்):
பசை வேண்டாம் என்பது என் கட்சி. சூட்டில் உருகிப் பேடில் வடிந்தால்?

நட்டும் போல்ட்டும் (மிசிசாகா):
அப்பிவிட்டால் வடியும். மெல்லியதாகத் தடவச் சொன்னேன். ஸ்டட்டில் மட்டும் படக்கூடாது. அங்கே பசை இருந்தால் அதே முடுக்கு விசைக்கு ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

முத்துநகர் (தூத்துக்குடி):
புதிய டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். பூட்டுவதற்கு முன் பிரேக் கிளீனரால் இரண்டு முகத்தையும், தொப்பியின் உட்புறத்தையும் துடையுங்கள். உட்புறத்தை மறந்துவிடுவார்கள், புதிய ஷூவில் எண்ணெய் ஏறிவிடும். ஷூ பூட்டியதும் டிஸ்க்கை மாட்டி, இரண்டு நட்டால் இறுக்கிப் பிடித்துவிட்டு, டிஸ்க் நகராமல் நிற்கும் வரை பல்சக்கரத்தை விரியுங்கள். அங்கிருந்து 8 பல் பின்னுக்கு வாருங்கள். உரசாமல் சுற்ற வேண்டும். ரப்பர் அடைப்பை மறுபடி மாட்டுங்கள். சக்கர நட்டு 103 நியூட்டன் மீட்டர்.

சில்லுக்காரன் (ஸ்காபரோ):
ஷூவும் ஸ்பிரிங் பையும் கடையில் இருக்கின்றன, பின்னேரம் எடுக்கிறேன். பார்க்கிங் பிரேக்கைத் தினமும் மிதிக்கச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. விடுவிக்காமல் ஓட்டப்போவது யார் என்பதில்தான் இப்போது வீட்டில் சண்டை.