கேமராவை எடுத்து வைக்கும்போது பேட்டரி உள்ளே இருக்கலாமா?

ஒளிமாறன்
வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி. கேனான் தன் கையேடுகளில் இதை நேராகவே சொல்கிறது: பயன்படுத்தாதபோது பேட்டரியை எடுத்துவிடுங்கள், நெடுநாள் உள்ளே கிடந்தால் சிறிதளவு மின்சாரம் இறங்கிக்கொண்டே இருந்து பேட்டரியின் ஆயுள் குறையும். ஸ்விட்சை அணைத்தாலும் கேமரா முழுக்க அணைவதில்லை. கடிகாரம் ஓடுகிறது. ஸ்விட்ச் எப்போது தட்டப்படும் என்று ஒரு சர்க்யூட் காத்திருக்கிறது. ப்ளூடூத் இணைப்பு இருந்தால் அதுவும் விழித்திருக்கிறது. 2012-இல் வந்த கேனான் 6டி-யில் ஜிபிஎஸ் முதல் மோடில் இருந்தால், கேமராவை அணைத்த பிறகும் அது சிக்னல் வாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

வேல்விழி
அந்தச் "சிறிதளவு" எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அணைந்த நிலையில் கேமரா 100 மைக்ரோ ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2.4 மில்லி ஆம்பியர் மணி, மாதத்துக்கு 72. பேட்டரியின் கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர் மணி என்றால் இது 4 சதவீதம்கூட இல்லை. லித்தியம் அயன் பேட்டரி மேசை மேல் சும்மா கிடந்தாலே மாதத்துக்கு ஓரிரு சதவீதம் தானாக இறங்கும். ப்ளூடூத் சிக்கலுக்குப் பல கேமராக்களின் மெனுவில் ஏரோப்ளேன் மோட் இருக்கிறது, ஜிபிஎஸ்ஸையும் மெனுவிலேயே அணைத்துவிடலாம். அதற்காகத் தினமும் மூடியைத் திறந்து மூடுவது தேவையில்லாத தேய்மானம்.

மூடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் முனை இருக்கும், கவனித்திருப்பீர்கள். பல கேமராக்களில் அது உள்ளே ஒரு குட்டி ஸ்விட்சை அழுத்தி, மூடி மூடியிருப்பதைக் கேமராவுக்குச் சொல்கிறது. அந்த முனை ஒடிந்தால் பேட்டரி நிறைய இருந்தாலும் கேமரா உயிர் பெறாது. தண்ணீருக்குள் எடுக்கும் கேமராக்களில் இன்னும் மோசம். ஒவ்வொரு திறப்பிலும் ரப்பர் சீலில் மணலோ முடியோ ஒட்ட வாய்ப்பு. ஒரு முடி போதும், தண்ணீர் உள்ளே வர.

கடிகாரத்தையும் மறந்துவிட்டீர்கள். கேனான் பவர்ஷாட் கேமராக்களில் பேட்டரியை எடுத்த பிறகு தேதி ஏறத்தாழ 3 வாரம்தான் நிற்கும். நிக்கான் டி90 மூன்று மாதம் தாங்கும், அதற்குக்கூடக் கடிகாரத்தை ஓட்டும் உள் பேட்டரி 2 நாள் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். தேதி தப்பினால் ஒரே நிகழ்ச்சியை இரண்டு கேமராவில் எடுத்த படங்களை நேர வரிசையில் அடுக்கவே முடியாது.

ஒளிமாறன்
வேல்விழி, உங்கள் கணக்கு நிறைந்த பேட்டரிக்குச் சரி. யாரும் நிறைந்த பேட்டரியோடு வேலையை முடிப்பதில்லை. அதே 100 மைக்ரோ ஆம்பியரை 5 சதவீதம் மிச்சமுள்ள பேட்டரிக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லி ஆம்பியர் மணி, 42 நாளில் காலி. ப்ளூடூத் சேர்ந்து 1 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாலே நாள்.

காலியான பிறகு நடப்பதுதான் கவலை. 7.2 வோல்ட் பேட்டரி என்பது உள்ளே இரண்டு செல். முழு சார்ஜில் 8.4 வோல்ட். ஒரு செல் ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் பாதுகாப்பு சர்க்யூட் வெளி இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் அந்த சர்க்யூட்டுக்கே சில மைக்ரோ ஆம்பியர் தேவை. செல்லும் தானாக இறங்கிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் இப்படிக் கிடந்தால் எதிர்முனையின் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செப்பு வேறிடத்தில் படிந்து, உள்ளேயே ஷார்ட் ஆகலாம். சார்ஜர் விளக்கு வேகமாகக் கண்சிமிட்டி பேட்டரியை ஏற்க மறுப்பதற்கு இது ஒரு காரணம். அப்படிப்பட்ட பேட்டரியை வேறு சார்ஜரில் போட்டு வம்படியாக எழுப்பப் பார்க்காதீர்கள்.

கார்முகில்
இருவரும் லித்தியம் அயனிலேயே நிற்கிறீர்கள். டபுள் ஏ செல் போடும் கேமராவும் ஃபிளாஷும் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கின்றன. அங்கே விவாதத்துக்கே இடமில்லை. ஒரு முறை பயன்படுத்தி எறியும் ஆல்கலைன் செல் என்றால் எடுத்துவிட வேண்டும்.

ஆல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். துத்தநாகம் மெல்ல அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு உருவாகி உள்ளே அழுத்தம் ஏறும், ஒரு கட்டத்தில் சீல் விட்டுக்கொடுக்கும். தீர்ந்த செல்லில் இது சீக்கிரம் நடக்கும். பழையதையும் புதியதையும் கலந்து போட்டால் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் பலமான செல் பலவீனமானதைப் பூஜ்யத்துக்கும் கீழே தள்ளிவிடும். ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருப்பது அந்தக் காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து ஆன பொட்டாசியம் கார்பனேட்.

கண்டால் முதலில் கையுறை, கண்ணாடி. செல்களை எடுத்துவிட்டுக் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, உலர்ந்த பிரஷால் தூளைத் தட்டுங்கள். பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தொட்டுப் பிழிந்துவிட்டு ஸ்பிரிங்கைத் துடையுங்கள். சிறு நுரை எழும். அது அடங்கும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். உள்ளே ஊற்றவே கூடாது. அடுத்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சி, பிறகு ஒரு நாள் மூடியைத் திறந்தே வையுங்கள். கறை போகாவிட்டால் பென்சில் ரப்பரால் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், நிக்கல் பூச்சு போய்விடும். பச்சை நிறம் வயருக்குள் ஏறியிருந்தால் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதைப் பழுது பார்ப்பவரிடம் விடுங்கள், ஃபிளாஷ் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம்.

பிறைநுதல்
நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்லுக்கும் இதே விதியா?

கார்முகில்
கசிவு அவ்வளவு இல்லை. பழைய ரகம் முதல் மாதத்திலேயே 20 சதவீதத்துக்கு மேல் தானாக இறங்கிவிடும். 2005-இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் வகை வருடக்கணக்கில் பிடித்து வைக்கும். ஆனால் நாலு செல் வரிசையாகப் போட்ட ஃபிளாஷை ஆனிலேயே மறந்தால் பலவீனமான செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகிக் கெடும். அதனால் நான் எடுக்கத்தான் சொல்வேன். எடுக்கவே வழியில்லாத இடத்தில் ஒரு முறை பயன்படுத்தும் லித்தியம் டபுள் ஏ போடுங்கள்.

வேல்விழி
ஆல்கலைன் விஷயத்தில் கார்முகிலோடு முழு உடன்பாடு. லித்தியம் அயனில் ஒளிமாறனோடு இன்னும் ஒத்துப்போக முடியவில்லை. பேட்டரி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதைவிட, எவ்வளவு சார்ஜில், எவ்வளவு சூட்டில் கிடக்கிறது என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பேட்டரி பயிற்சி நூல்களில் அடிக்கடி காட்டப்படும் கணக்கு இது: 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு ஒரு வருடம் வைத்தால் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும், முழு சார்ஜோடு வைத்தால் 80தான். 40 டிகிரியில் அதுவே 85, 65. கேமராவிலிருந்து கழற்றி, முழுக்க சார்ஜ் ஏற்றி, வெயில் படும் அலமாரியில் வைப்பவர் பேட்டரிக்கு நல்லது எதுவும் செய்யவில்லை.

கையேடுகளும் ஒரே குரலில் பேசுவதில்லை. நிக்கானின் பழைய கையேடுகள் தீர்த்துவிட்டுக் கழற்றி வை, 6 மாதத்துக்கு ஒரு முறை திரும்பச் செய் என்கின்றன. சோனி வருடம் ஒரு முறை முழுக்க ஏற்றித் தீர்த்து வைக்கச் சொல்கிறது. கேனான் முழு சார்ஜில் வைக்காதே என்கிறது.

ஒளிமாறன்
சார்ஜ், சூடு பற்றிச் சொன்னது சரி, மறுக்கவில்லை. 40, 50 சதவீதத்தில் நிறுத்திக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், ஆனால் கழற்றி வையுங்கள். ஏனென்றால் பேட்டரி உப்பினால் கேமராவின் பேட்டரி அறையிலேயே சிக்கிக்கொள்ளும். மலிவான மாற்று பேட்டரிகளில் இது அதிகம். கொக்கியை நகர்த்தியும் வெளியே வராவிட்டால் இடுக்கியோ திருப்புளியோ விடாதீர்கள், உறை கிழிந்தால் தீப்பிடிக்கலாம். வெளியே இருந்திருந்தால் கேமராவுக்கு ஒரு கீறலும் இல்லை.

கழற்றியதை வெறுமனே பையில் போடவும் கூடாது. சாவியோ நாணயமோ முனைகளை இணைத்தால் ஷார்ட். முனைகளை மறைக்க கேனான் எல்பி-ஈ6 பேட்டரியோடு வரும் மூடியில் பேட்டரி வடிவில் ஒரு துளை உண்டு. சார்ஜ் ஏற்றியதை நீலம் தெரியும்படியும் தீர்ந்ததைத் திருப்பியும் மாட்டினால் எது எது என்று பார்த்தவுடன் தெரியும்.

பிறைநுதல்
வாரம் ஒரு முறை எடுப்பவர், இரண்டு பேட்டரி வைத்திருப்பவர் என்ன செய்வது?

வேல்விழி
உள்ளேயே விடுங்கள், ஏரோப்ளேன் மோடை ஆன் செய்துவிட்டு. உங்கள் கேமரா எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். முழு சார்ஜ் ஏற்றிப் போட்டு, மெனுவில் சதவீதத்தைக் குறித்து, இரண்டு வாரம் தொடாமல் வைத்து மறுபடி பாருங்கள். 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் மெனுவில் ஏதோ ஆனில் இருக்கிறது. இரண்டாவது பேட்டரியை மாதம் ஒரு முறை முதலாவதோடு மாற்றுங்கள்.

ஒளிமாறன்
வாரம் ஒரு முறை என்றால் உள்ளே இருக்கட்டும், 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதை மட்டும் விடாதீர்கள். ஒரு மாதம் தொட மாட்டேன் என்று தெரிந்தால் கழற்றுங்கள், மெமரி கார்டு விளக்கு அணைந்த பிறகு. திரும்பப் போடும்போது தேதியைச் சரிபாருங்கள். சோனி என்றால் சார்ஜ் உள்ள பேட்டரியைப் போட்டு, அணைத்த நிலையில் 24 மணி நேரம் விட்டால்தான் கடிகார பேட்டரி நிறையும்.