புதுப்பிப்பு: திறக்காத இணைப்பை என்ன செய்தேன்

ஆய்வேட்டில் மேற்கோள் காட்டிய இணையப் பக்கம் இப்போது திறக்கவில்லை, அடிக்குறிப்பை எடுத்துவிடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேனே? எடுக்கவில்லை. கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேடினேன். 2016இல் சேமித்த பிரதி இருந்தது. அதன் முகவரியையே கொடுத்துவிட்டேன்.

இணையப் பக்கத்தை நாம் பார்த்த தேதியையும் மேற்கோளில் போடுவதா என்ற விஷயத்தில்தான் நெறியாளரோடு சின்ன இழுபறி. "எல்லாத்துக்கும் போடும்மா" என்றார். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் கையேட்டின் 7ஆம் பதிப்பு, உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும் பக்கங்களுக்குப் போட்டால் போதும் என்கிறது. சேமித்த பிரதி மாறாது, டிஓஐ (நிரந்தர இணைய அடையாள எண்) உள்ள கட்டுரைக்கும் வேண்டாம். காட்டினேன். "சரி" என்றார், அரை மனதோடு.

அப்புறம் என் தப்பு ஒன்று. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் படித்த பழைய நூல்களுக்கெல்லாம் பதிவேற்றிய ஆண்டைப் போட்டிருந்தேன்! அச்சான ஆண்டும் பதிப்பகமும்தான் முதலில் வர வேண்டும், இணைப்பு கடைசியில். பதினேழு இடங்களில் திருத்தியாயிற்று.