காலர்ட் கீரையில் கசப்பு போகவில்லை, உதவுங்கள்

வணக்கம். அமெரிக்காவில், அட்லாண்டாவில் இருக்கிறேன். புத்தாண்டன்று இங்கே காராமணி, சோள ரொட்டியோடு காலர்ட் கீரையும் (முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்த பெரிய இலைக் கீரை) சாப்பிடுவார்கள். பச்சைக் கீரை பணத்துக்கு அடையாளமாம். பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த கிண்ணத்தின் அடியில் நின்ற சாற்றில் (பாட் லிக்கர் என்கிறார்கள்) ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டதிலிருந்து அதே நினைவு.

நானும் செய்து பார்த்தேன். புகையூட்டிய வான்கோழிக் காலை வெங்காயம், பூண்டோடு 1 மணி நேரம் வேகவிட்டேன். அப்புறம் மண் போக மூன்று தண்ணீரில் அலசிய கீரையைப் போட்டு இன்னும் 45 நிமிடம். இலை மெத்தென்று வெந்துவிட்டது, கசப்பு மட்டும் அப்படியே. சாறும் உப்புக் கரித்தது.

இன்னும் நேரம் வேக வேண்டுமா? வினிகரை எப்போது ஊற்றுவது, இறக்கும்போதா? உப்பைக் குறைக்க இறைச்சியைத் தனியே கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டினால் புகை வாசனை போய்விடுமா? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.