உறுப்பு மாற்றுப் பிரிவில் செவிலியர் பணி: அனுபவப் பகிர்வு

சிறுநீரக மாற்றுப் பிரிவுச் செவிலியர்:

இத்துறைக்கு வர விரும்பும் இளைய செவிலியர்கள் பெரும்பாலும் அறுவை அரங்கைப் பற்றியே கேட்கிறார்கள். நான் பார்த்தவரையில், எங்கள் பொறுப்பு கூடுவது அறுவை முடிந்த பிறகுதான். முதல் நாளில் மணிக்கொரு முறை சிறுநீரை அளந்து, வெளியேறிய அளவுக்கு ஏற்பத் திரவம் ஏற்றுகிறோம். அளவு சட்டென்று குறைந்தால், குழாயை இரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்த்து உடனே மருத்துவரை அழைக்கிறோம். இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் சில வேளைகளில் உடனே இயங்காது. அவ்வாறு மீண்டும் டயாலிசிஸ் தேவைப்பட்ட ஒரு பெண்மணி, எல்லாம் வீணாயிற்று என்று எண்ணி உண்ண மறுத்தார். இது புதிய உறுப்பை உடல் ஏற்காமல் தாக்கும் நிராகரிப்பு அல்ல, இரத்தவோட்டமின்றி உறுப்பு இருந்த நேரத்தின் விளைவு என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பொறுமையாக விளக்கினோம். இரண்டாம் வாரத்தில் சிறுநீர் பெருகத் தொடங்கியது.

புறநோயாளிப் பிரிவில் சந்தித்த ஒரு பெரியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, முந்தைய வேளை மாத்திரைக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து, அடுத்த வேளை மாத்திரை போடுவதற்கு முன் இரத்தம் எடுக்க வேண்டும். "காலை மாத்திரை போட்டுவிட்டீர்களா ஐயா?" என்று கேட்டேன். "ஒரு வேளைகூடத் தவறியதில்லை சிஸ்டர், விடிந்ததும் போட்டுவிட்டேன்" என்றார். அவருடைய ஒழுங்கே அன்று சிக்கலாக இருந்தது. அப்படியே இரத்தம் எடுத்திருந்தால், மருந்து அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால், உடல் புதிய உறுப்பை நிராகரிக்க வழி திறந்துவிடும். மறுநாள் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, இரத்தம் கொடுத்த பிறகு என் முன்னிலையிலேயே விழுங்கினார். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நான் ஊசியை எடுப்பதே இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்:

நான் உறுப்பைக் கொடுப்பவர்களின் பக்கம் இருப்பவள். மூளைச்சாவை உறுதிசெய்யும் மருத்துவர்கள் மாற்று அறுவைக் குழுவைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. இந்த விதி எங்களுக்கு மிகப் பெரிய துணை. ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பு சூடாக இருக்கிறதே சிஸ்டர், இறந்துவிட்டான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். மூச்சை இயந்திரம் தருகிறது, அதனால் இதயம் சிறிது காலம் துடிக்கும், மூளை இனி மீளாது என்று சுற்றிவளைக்காமல் சொன்னேன். அதை அவர் ஏற்கும்வரை தானம் என்ற பேச்சை எவரும் எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது.

தானத்துக்குக் குடும்பத்தின் ஒப்புதல் கிடைத்த பிறகும் மூளைச்சாவு அடைந்தவர் எங்கள் நோயாளியே. மூளையிலிருந்து வரும் ஹார்மோன் நின்றுவிடுவதால் சிறுநீர் லிட்டர் கணக்கில் வெளியேறி, சோடியம் ஏறும், இரத்த அழுத்தம் சரியும், உடல் குளிரும். இவற்றைச் சீராக வைத்திருப்பதைப் பொறுத்தே உறுப்புகள் பயன்படுகின்றன. எடுத்த பிறகு, குளிரில் பாதுகாக்கும் வழக்கமான முறையில் இதயத்துக்கு ஏறத்தாழ 4 மணி நேரமே கெடு. சிறுநீரகத்துக்கு ஒரு நாள் வரை இருக்கும்.

இத்துறையை நாடுபவர்களுக்கு என் பரிந்துரை, முதலில் தீவிர சிகிச்சையிலோ டயாலிசிஸ் பிரிவிலோ நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள் என்பதே. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக விரும்பினால், துயரத்தில் இருக்கும் குடும்பத்தினரிடம் பேசும் முறையைத் தனிப் பயிற்சியாகவே பெற வேண்டும். வார்டு அனுபவம் மட்டும் அதற்குப் போதாது.